திருத்தி வாசித்த ஸ்தோத்திரம்

எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் யாரும் தூங்காத பகுதி ஒன்று உண்டு. அது பிரசங்கம் என்று நினைத்தால் நீங்கள் பாளையங்கோட்டைக்குப் புதிது. பிரசங்கத்துக்குத் தூங்குகிறவர்களை நான் பெஞ்சு வாரியாகச் சொல்வேன், அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நான் சொல்லுவது ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிற நேரத்தை. வீட்டில் ஒரு நன்மை நடந்தால், காணிக்கையை உறையில் போட்டு, எதற்காக என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சனிக்கிழமையே கோயில் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் ஐயர் அதை மைக்கில் வாசிப்பார். எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். பேரன் பிறந்ததற்காக, மூட்டு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, மருமகளுக்கு விசா கிடைத்ததற்காக என்று வரிசையாக வரும். யார் வீட்டில் என்ன நடந்தது என்று சபைக்கு அப்போதுதான் தெரியும். ஆகவே எல்லாருக்கும் காது தீட்டியிருக்கும்.

என் அப்பா ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் ஞாயிறுக்கு ஒரு சீட்டு எழுதுவார். "மகளுக்கு நிரந்தர வேலை கொடுத்து, இத்தனை வருஷம் நிறைவாகி இன்னும் அதிலே காத்து நடத்துகிற தேவனுக்கு ஸ்தோத்திரம்." வாசகம் மாறாது, வருடக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். நான் அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி. வாழ்நாளெல்லாம் ஷிப்டு பார்த்துச் சாப்பிட்டு, ஷிப்டு பார்த்துத் தூங்கிய மனிதர். இந்த வாரம் என்ன ஷிப்டு என்று யாரும் கேட்க வேண்டாத ஒரு வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஜெபம். கிடைத்தபோது, உயிரோடு இருக்கும்வரை வருடா வருடம் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டார். அம்மா இறந்த பிறகு எங்களோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார், பொருத்தனையும் கூடவே வந்தது.

அந்த வேலையைத்தான் நான் போன ஏப்ரலில் விட்டேன். அப்பாவிடம் சொல்லாமல் விட்டேன்.

வேலையில் குறை ஒன்றும் கிடையாது. குறை இருந்திருந்தால் சொல்லுவதற்கு வசதியாக இருந்திருக்கும். மாற்றுச் சான்றிதழ் எழுதுவேன், வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பேன், இன்ஷியல் மாறிப்போன பிள்ளைகளின் தகப்பன்மாரோடு மல்லுக்கட்டுவேன். ஐந்து மணிக்குப் பீரோவைப் பூட்டினால் அந்த நாளில் நான் செய்தது எதுவும் மனதில் நிற்காது. பதினேழு வருடத்தில் என் மேசை மூன்று தடவை இடம் மாறியது. முதலில் ஜன்னலோரம், பிறகு கதவோரம், பிறகு மறுபடியும் ஜன்னலோரம். பெரிய மாற்றம் என்றால் அதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆற்றில் அந்தப் பெருவெள்ளம் வந்ததே, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த அன்று ஆசிரியைகள் அறையில் ஒரே வெள்ளக் கதை. யார் வீட்டில் எத்தனை படி ஏறியது, யார் வீட்டு பிரிட்ஜ் மிதந்தது என்று ஆளுக்கு ஒரு கதை. நான் பேச்சுவாக்கில் கேட்டேன், இங்கே யாருக்கெல்லாம் நீந்தத் தெரியும் என்று. ஒருத்திகூடக் கையைத் தூக்கவில்லை. எல்லாரும் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். பாதிப் பேர் வீடு ஆற்றுக்கு நடந்து போகிற தூரம். அண்ணன் தம்பிமார் எல்லாம் நீந்துவார்களாம், இவர்கள் படித்துறையில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்குக் காவல் இருந்தார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சின்ன வயதில் அடங்காத கழுதை என்று பேர் வாங்கியவள். யார் வைதாலும் கேட்காமல் பாபநாசத்து ஆற்றில் விழுந்து கிடப்பேன், அப்படியே நீச்சல் வந்துவிட்டது. "சனிக்கிழமை வாங்க, நான் சொல்லித் தாரேன்" என்று அந்தக் கோபத்தோடு சொல்லிவிட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் அவர்களுடைய தங்கைகள், நாத்தனார்கள். டவுன் பக்கத்தில் ஆறு இறங்குகிற மாதிரி இல்லை, ஆகவே சேரன்மகாதேவிக்கு மேலே வயலோரமாக ஒரு பெண்கள் படித்துறை பிடித்தேன். மிதவைக்கு லாரி டியூபும் வாழைத்தண்டும். அந்தப் பக்கத்தில் வாழை மரத்துக்கா பஞ்சம்? குலை வெட்டின தோட்டத்தில் கேட்டால் இழுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். நைட்டி போட்டு ஒருத்தி, சுடிதார் போட்டு ஒருத்தி, சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டி ஒருத்தி என்று தண்ணீரில் நிற்பார்கள். முதல் நாள் எல்லாரும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையும் சேர்த்து முக்கப் பார்ப்பார்கள். பத்தாவது நாள் வாக்கில் ஒரு காலை உதறுவார்கள் பாருங்கள், அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு பையனின் பிறந்த தேதி இடத்தில் சேர்க்கை எண்ணை எழுதிவைத்ததும் அப்படி ஒரு நாளில்தான்.

சனிக்கிழமை போதாமல் ஞாயிறு தவிர எல்லா நாளும் என்று ஆனது. விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் போய், ஈரத் தலையோடு ஆபீசுக்கு ஓடுவேன். தலைமையாசிரியை நல்லவர், நான் தாமதமாக வந்ததை இரண்டு மூன்று தடவை கண்டுகொள்ளாமல் விட்டார். பிறகு கூப்பிட்டுக் கேட்டார். நான் ராஜினாமாக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"வீட்ல எதும் பிரச்சனையா?"

"இல்ல மேடம்."

"ஒடம்புக்கு?"

"நல்லா இருக்கேன்."

"பின்ன எதுக்கு?"

"நீச்சல் சொல்லிக் குடுக்கப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீளமா லீவு போட்டுப் பாரேன்" என்றார். லீவு போட்டால் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் ஆறு செங்காவியாக ஓடும்போது ஒரு ஆளும் வரமாட்டார்கள், அப்போது பயந்துபோய் ஜன்னலோர மேசையில் வந்து உட்கார்ந்துவிடுவேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டைத் தாண்டினதும் பசி எடுத்தது. எதிர்த்த கடையில் நின்று இரண்டு வடை தின்றேன். அவ்வளவு ருசியான வடையை அந்தக் கடையில் பதினேழு வருடத்தில் தின்றதில்லை.

வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவர் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன், பதற்றப்படாத ஆள். "ஒரு சம்பளம் வீட்டுக்கு வருதுல்லா, பாத்துக்கிடலாம்" என்றார். ஆனால் மாமனாரிடம் சொல்லும் வேலை மட்டும் தன்னால் ஆகாது என்று கை கழுவிவிட்டார். "அது ஒனக்கும் ஒங்கப்பாவுக்கும், நடுவுல என்னைய இழுக்காத."

மே மாதம் பள்ளிக்கூட லீவில் ஆபீசுக்கும் வேலை குறைவு என்பதால் தப்பித்தேன். நான் காலையில் ஆற்றுக்குப் போவது அப்பாவுக்குத் தெரியும், லீவில் பிள்ளை பொழுதுபோக்குக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அல்லது மாத்திரை போட்டிருப்பார், அல்லது சந்தோஷமாக இருப்பார். மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது போய் எப்படிச் சொல்லுவது? வருத்தமாக இருக்கும்போதும் சொல்ல முடியாது. இப்படியே ஜூன் வந்துவிட்டது.

முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இது பதினேழா, பதினெட்டா?"

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "பதினேழுப்பா" என்றேன்.

மறுநாள் ஐயர் அதை வாசித்தார். அப்பா பெயரைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, பதினேழு வருஷம் நிறைவாகி இன்னும் அதிலே காத்து நடத்துகிற தேவனுக்கு என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். என்னிடம் நீச்சல் படிக்கிற டீச்சர் ஒருத்தி பின் பெஞ்சில் இருந்தாள். நான் ராஜினாமா கொடுத்தது தெரிந்தவள். என் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். சபை முழுக்க "ஆமென்" என்றது. வாய்ப் பழக்கம், நானும் சேர்ந்து சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிற நாள். நான் ஆற்றிலிருந்து வந்தபோது அப்பா வாசலில் நின்றார். கையில் என் சாப்பாட்டுப் பை. நேரமாகிவிட்டது என்று அவரே சாதத்தைக் கட்டி, வெண்டைக்காயையும் வைத்துத் தயாராக நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எப்பா, நான் வேலைய விட்டுட்டேன்."

"எப்ப?"

"ஏப்ரல்ல."

ஏன் விட்டாய், இனி என்ன செய்வாய், பைத்தியமா உனக்கு என்று கேட்பார் என எதிர்பார்த்து, ஒன்றரை மாதமாகப் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நேத்து நான் சொன்னது?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அத்தன பேரு முன்னால, கர்த்தர் சந்நிதியில, இல்லாத வேலைக்கு ஸ்தோத்திரம் சொல்லிருக்கேன். நீ பக்கத்துல இருந்து வருஷத்த வேற எண்ணிக் குடுத்திருக்க. என்னையப் பொய் சொல்ல வச்சிட்டியேட்டி."

வேலையை விட்டதற்காக அல்ல, இதற்காக எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மதியம் திரும்பி வந்தார். ஐயர் என்ன சொன்னார் என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"கர்த்தருக்கு எல்லாம் வெளங்கும், நீங்க மனச அலட்டிக்கிடாதிய அண்ணாச்சின்னு ஐயரு சொல்லுதாரு. கர்த்தருக்கு வெளங்கும், சரி. சபைக்கு வெளங்காதே. சொன்ன எடத்துலயே திருத்திச் சொல்லணும்."

"எப்பா, அத வாசிச்சா ஊருக்கே தெரிஞ்சு போகும்" என்றேன்.

"தெரியட்டும். தெரியாம இருக்க நீ என்ன திருடவா செஞ்ச?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சீட்டும் எழுதவில்லை. மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்காருவார், எழுந்து போவார். வியாழக்கிழமை சாயங்காலம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கி என்னையும் கூட்டிட்டுப் போ. என்ன ஏதுன்னு தெரியாம மறுபடியும் எதையாவது எழுத முடியாது."

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். படித்துறைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. பெண்கள் குளிக்கும் துறை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள். அங்கே ஒரு ஆண் பிள்ளை போய் எப்படி நிற்பது? அப்பா சட்டென்று திரும்பிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி ஒரு மருதமரம், அதன் அடியில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து உட்கார்ந்தார். அது போதாது என்று குடையை விரித்து முதுகுப் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டார். பார்த்து எழுத வந்த மனிதரால் எதையும் பார்க்க முடியாமல் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

அன்றைக்கு மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் முறை. அவள் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வெள்ளத்தன்று பிள்ளைகளைப் பரணில் ஏற்றிவிட்டு நெஞ்சளவு தண்ணீரில் நின்றவள். "நீந்தத் தெரிஞ்சிருந்தாலும் பிள்ளைகள உட்டுட்டு எங்க போயிருக்கப் போறேன், டீச்சரக்கா? பயமாவது கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்" என்று வந்த முதல் நாளே சொன்னாள். நாற்பது நாளாக வாழைத்தண்டை மட்டும் விட மாட்டேன் என்றிருந்தாள். அன்று நான் அந்தத் தண்டை இழுத்துக்கொண்டேன்.

"டீச்சரக்கா, வேண்டாம், முங்கி மவுத்தாப் போயிருவேன்!"

"ஒண்ணும் போக மாட்ட. கால அடி. அடிட்டி! மூச்ச விடு, பிடிக்காத, விடு! அந்தப் பாறையப் பாரு, என்னையப் பாக்காத!"

முங்கினாள், எழுந்தாள், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், பிறகு காலை உதறினாள். எதிரே இருந்த பாறைவரை போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாப் பெண்களும் ஓவென்று கத்தினார்கள். ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள். பாறையில் இருந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மரத்தடியில் அப்பா துள்ளி எழுந்துவிட்டார். "யாரு? யாரு முங்குனா? ஏட்டி, யாரு முங்குனா?" என்று கத்துகிறார். குடை உருண்டு வரப்பில் விழுந்துவிட்டது. அந்தப் பதற்றத்திலும் மனிதர் திரும்பவில்லை. வயலைப் பார்த்தபடியே நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார்.

"யாரும் முங்கலப்பா! ஒரு ஆளு நீந்திட்டா!"

"நெசமாவா?"

"நெசமா!"

"தண்ணியில ஆளு கணக்கு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு!"

பிறகு வேட்டியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டார், "அந்தச் சத்தம் போட்டது நீதானா?"

"எந்தச் சத்தம்?"

"கால அடி, மூச்ச விடுன்னு."

"நான்தான்."

"வீட்ல ஒனக்கு இம்புட்டுத் தொண்டை கெடையாதே" என்றார்.

சனிக்கிழமை சீட்டை எழுதி என்னிடம் காட்டாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஐயர் ஒவ்வொன்றாக வாசித்து வந்து, அப்பாவின் சீட்டை எடுத்து, ஒரு தடவை தனக்குள் வாசித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசித்தார்.

"போன ஞாயிறு, மகள் பள்ளிக்கூட வேலையில் நீடிப்பதற்காக நான் செலுத்திய ஸ்தோத்திரம் தவறு. அவள் அந்த வேலையை ஏப்ரலிலேயே தன் விருப்பப்படி விட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியாது. இப்போது பெண்பிள்ளைகளுக்கு ஆற்றில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். இதுவரை ஒருவரையும் முங்கிப்போக விடாமல் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பரவி ஆண்கள் பக்கமும் போனது. ஐயரே சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த ஆள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். நான் முகத்தைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டேன். வெட்கத்தில் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நிம்மதி. ஏப்ரலில் இருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. மறைக்க இனி ஒன்றும் இல்லை என்பது அவ்வளவு சுகமாக இருந்தது. ஐயர் முடிக்கவும் எல்லாருக்கும் முன்னால் நான்தான் "ஆமென்" சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வெளியே வந்ததும் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். புத்தி இல்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள், எப்போது வந்தால் சேர்த்துக்கொள்வாய் என்று மூன்று பேர் கேட்டார்கள். அப்பா ஸ்கூட்டர் பக்கத்தில் காத்து நின்றார். நான் வண்டியை எடுத்ததும் ஏறி உட்கார்ந்து, என் தோளில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐப்பசி கார்த்திகையில ஆத்துல எறங்க முடியாதே. அப்ப என்ன செய்வ?"

ஏப்ரலில் இருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. சொல்லிக் கொடுக்க ஒரு கிணறு பார்ப்பேன், வீட்டில் டியூஷன் எடுப்பேன், கோர்ஸ் படிப்பேன். ஒன்றாவது நான் நம்பின பதில் இல்லை.

"தெரியலப்பா" என்றேன்.

"நெசமாவே தெரியலியா?"

"நெசமாவே தெரியல."

"சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரு. எனக்கு அது போதும்" என்றார். "வண்டிய எடு, வெயில் ஏறுதுல்லா."